வேனிலுக்கு ஒரு பானம்

திண்டுக்கல் நகரில் வாழ்வார்க்குச் சிறுமலையின் குளிர்ச்சி கண்ணுக்கு எட்டுவது, உடம்பிற்கு எட்டுவதன்று. பங்குனி பிறந்த அளவிலே மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் அதனை உமிழத் தொடங்கும். அப்பொழுது தெருவில் நிற்பார் தென்கிழக்கே நோக்கின், மேகம் தங்கிய முடியோடு சிறுமலை நீலநிறமாய்த் தோன்றும். இடைப்பட்டன 25 கிலோமீட்டர் தொலைவும் 18 கொண்டையூசி வளைவுகளுமே. எனினும் வேலையை விட்டு நாடோறும் ஆங்குச் சென்று இளைப்பாறுதல் யாவர்க்கு இயலும்? மலையை நாம் அடைதல் அரிதாயினும், மலை நமக்கு அனுப்பும் பொருளொன்று நாடோறும் நம் வீதிக்கே வருகின்றது. அதுவே எலுமிச்சம்பழம். அதனோடு தேயிலையைக் கூட்டி இல்லத்திலேயே ஆக்கத்தக்க குளிர்பானம் ஒன்றைக் குறித்து, யாம் இரண்டு கோடைகளாகச் செய்து பயின்ற அளவில், ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சிறுமலை நேற்று அறியப்பட்ட மலையன்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கூறும் மறையவன் அம்மலையைச் சுட்டி, அதனைச் சூழ்ந்து வளரும் மரங்களாக வாழை, கமுகு, தென்னை, மா, பலா என்பவற்றைக் குறிப்பிடுகின்றான். அவ்வரிசையில் எலுமிச்சைக்கு இடமில்லை. இக்காலத்திலோ மலைவாழை, காப்பி, மிளகு, பலா என்பவற்றோடு எலுமிச்சையும் அம்மலையின் விளைபொருள்களுள் ஒன்றாயிற்று. வண்டி செல்லமாட்டாத தோட்டங்களிலிருந்து மூட்டைகளைக் குதிரைமீதேற்றிச் சாலைவரை கொணர்வர். தைப்பொங்கலை ஒட்டி ஊரெல்லாம் மாடுகளைப் போற்ற, சிறுமலையார் தம் குதிரைகளையும் நீராட்டிப் பொட்டிட்டுப் பொங்கலிடுவது இதுபற்றியே. இங்ஙனம் இறங்கும் சரக்கு நகரில் ‘சிறுமலை செட்’ என வழங்கும் சந்தையில் விலைப்படும்.

இனி, இப்பானத்தை யாம் நாடிய காரணத்தைக் கூறுவாம். எந்தையார் எலுமிச்சை மண்டியொன்றில் கணக்கெழுதுபவர். தகரக் கூரையின்கீழ் விடியற்காலையில் அமர்ந்தாரானால் உச்சிப்பொழுது கழிந்தபின்னரே எழுவர். நீரிழிவு உடையவர். பச்சைத்தண்ணீர் அவருக்குப் பகை. ‘உப்புத்தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை’ என்பர். கடைத் தேநீர் மட்டும் நாளொன்றுக்கு ஏழெட்டுக் குவளை, சருக்கரையுடன், இறங்கிவிடும். முந்திய ஆண்டிற்கு முந்திய அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் நண்பகலில், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, தலைசுற்றி, இருவர் தாங்க வீடு வந்து சேர்ந்தார். மருத்துவமனையில் ஒரு பகலும் ஓரிரவும் நரம்புவழி நீரேற்றினர். மருத்துவர் கூறியது இரண்டே சொல்: தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும், சருக்கரையைக் குறைக்க வேண்டும். வீடு திரும்பியபின் எந்தையார் முதற்சொல்லையும் ஏலார், இரண்டாஞ் சொல்லையும் ஏலார். அப்பொழுது எம் அன்னையார், ‘தண்ணீரைத்தானே குடிக்கமாட்டார்? தேநீரை வேண்டாமென்று சொல்லிக் கேட்டதில்லையே’ என்றார். அன்று தொடங்கியதே எங்கள் ஆராய்ச்சி.

தேநீரைக் குளிர்வித்து உண்ணுதல் எம் அன்னையார் கண்ட புதுமையன்று. அமெரிக்க நாட்டில் 1879 ஆம் ஆண்டிலேயே வெளிவந்த சமையல் நூலொன்றில் அதன் செய்முறை காணப்படுகின்றது. 1904 இல் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையைப் பரப்ப வந்திருந்த ரிச்சர்டு பிளெச்சின்டன் என்பார், கடுங்கோடையில் சூடான தேநீரை நாடுவார் இன்மையால், அதனைப் பனிக்கட்டியிட்டு வழங்க மக்கள் மொய்த்தனர் என்ப. அவர் அதனைக் கண்டுபிடித்தாரல்லர். ஊரறியச் செய்தவருள் ஒருவர். பின்னர்க் குளிர்ந்த தேநீரும் எலுமிச்சைப் பானகமும் கலந்த கலவைக்கு, அதனை விரும்பிப் பருகிய கோல்ப் ஆட்டக்காரர் ஆர்னால்டு பாமரின் பெயரே அந்நாட்டில் நிலைத்தது. அவர் 1929 முதல் 2016 வரை வாழ்ந்தவர். நம் நாட்டுத் தேயிலை கடல் கடந்து சென்று, வெயிலுக்கு அஞ்சிப் பனிக்கட்டியை அணைந்து, எலுமிச்சையோடு உறவு கொண்டு மீண்டும் நம்மிடம் வருகின்றது எனலாம்.

செய்முறையைக் கூறுவாம். எட்டுக் குவளைக்கு இவ்வளவு கொள்க: தண்ணீர் ஒன்றரை லிட்டர், தேயிலை 8 கிராம், அஃதாவது தலைதட்டிய தேக்கரண்டியால் நான்கு, எலுமிச்சைச் சாறு 60 மில்லிலிட்டர், சருக்கரை 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சாற்றைப் பழத்தின் எண்ணிக்கையால் அளத்தல் தகாது. மேனாட்டார் ‘லெமன்’ என்பது பெரிதாய்த் தடித்த தோலுடைய வேறு பழம். நம் எலுமிச்சையோ சிறிதாய் உருண்டு மெல்லிய தோலுடையது. நற்பழமாயின் நான்கு போதும். வாடியதாயின் ஆறும் வேண்டும். கையிலெடுத்தால் பருமனுக்கு மிஞ்சிய கனமுடையதாய், தோல் வழுவழுப்பாய், மஞ்சள் ஏறியதாய் இருப்பதே நற்பழம். எந்தையார் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் நிறுத்தே தேர்ந்தெடுப்பார்.

அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பினின்றும் இறக்கியபின் தேயிலையை இட்டு மூடுக. இலையாயின் நான்கைந்து நிமிடம், தூளாயின் மூன்று நிமிடம். அவ்வளவில் வடித்துவிடல் வேண்டும். நாம் கடையில் காண்பதுபோல் அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சுதலும், வடிகட்டியிலுள்ள சக்கையைப் பிழிதலும் இப்பானத்திற்கு ஆகா. பால் சேர்க்கும் தேநீரில் பாலிலுள்ள புரதம் துவர்ப்பைத் தன்பால் ஈர்த்து அடக்கும். பாலில்லாத இதில் அதனை அடக்குவார் ஒருவருமிலர். துவர்ப்பு இன்னதென்பதைத் திண்டுக்கல்லார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. நம் தோல் பதனிடுவார் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்துவது அவற்றிலுள்ள துவர்ப்பொருளாலன்றோ? தோலிலுள்ள புரதத்தைப் பற்றி இறுக்குவது அது. அவ்வினத்தைச் சார்ந்த பொருளே தேயிலையிலும் உளது. அஃது உமிழ்நீரின் புரதத்தைப் பற்றுதலால் நா வறண்டதுபோல் தோன்றுகின்றது. தாகத்தைத் தணிக்க வந்த பானம் நாவை வறட்டலாமோ? ஆதலின் இலையை அளவோடும் காலத்தோடும் நிறுத்துக.

வடித்த தேநீர் தானாக ஆறட்டும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் கடுந்தேநீரைச் சட்டெனக் குளிர்வித்தால் அது பால்போல் கலங்குதலுண்டு. அது கெட்டதன் அறிகுறியன்று. துவர்ப்பொருளும் காப்பியிலும் தேயிலையிலும் உள்ள ஊக்கப்பொருளும் குளிரில் ஒன்றையொன்று பற்றித் திரளுதலே. சிறிது வெந்நீர் சேர்க்கின் மீண்டும் தெளியும். குளிர்பதனப் பெட்டி உடையார், தேயிலையைக் காய்ச்சி ஆறிய நீரிலிட்டு இரவு முழுதும் அதனுள் வைத்துக் காலையில் வடித்துக்கொள்ளலும் ஆம். அதில் துவர்ப்பு மிகக் குறைவு. ஆனால் குளிர்நீர் கிருமிகளைக் கொல்லாதாகலின், நீரை முன்னரே காய்ச்சுதல் இம்முறையில் தவிர்க்கலாகாதது.

சருக்கரையைக் கால் குவளை வெந்நீரில் முற்றக் கரைத்து ஆறவிடுக. குளிர்ந்த பானத்தில் நேரே இட்டால் அஃது அடியில் தங்கி, முதற்குவளைக்காரரை வருத்திக் கடைக்குவளைக்காரரைத் திகட்டச் செய்யும். பழத்தைப் பலகைமேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிக் குறுக்கே அறுத்து, விதையை நீக்கிப் பிழிக. தோலின் உள்வெண்மையும் விதையும் நசுங்கினால் கசப்பேறும். பிழிந்த சாறும் நெடுநேரம் நின்றால் தானே கசக்கத் தொடங்கும் இயல்பினது. ஆதலின் பருகுங் காலத்திற்கு அணித்தாகப் பிழிதல் நன்று. சூடான தேநீரில் அதனை ஊற்றற்க. மணமும் உயிர்ச்சத்தும் சிதையும். கலப்பதற்குக் கண்ணாடி, எவர்சில்வர், மட்கலம் ஆகியன ஏற்றவை. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்பை வைக்கலாகாதென்பது நம் பாட்டிமார் அறிந்த நெறி.

ஆறிய தேநீரில் சருக்கரைப் பாகையும் உப்பையும் எஞ்சிய நீரையும் கூட்டி, இறுதியிற் சாற்றை விடுக. அப்பொழுது நிகழ்வதைக் காண எம்மில்லத்துச் சிறுவர் நாடோறும் சுற்றி நிற்பர். கருஞ்சிவப்பாய் நின்ற தேநீர் கணத்தில் வெளுத்துப் பொன்னிறமடையும். தேநீரின் நிறப்பொருள்கள் புளிப்பில் வெளிர்தலே அதன் காரணம். புதினா இலை நான்கும், தட்டிய இஞ்சித் துண்டொன்றும் சேர்ப்பின் மணம் மிகும்.

சருக்கரையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். மேற்கூறிய அளவில் ஒரு குவளைக்கு 7.5 கிராம் விழும். கடைகளில் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்கள் சிலவற்றில் அதே குவளையளவிற்கு 20 கிராமும் அதற்கு மேலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட நெறிமுறை, சேர்க்கப்படும் சருக்கரையை உணவாற்றலில் பத்திலொரு பங்கிற்குக் கீழ் நிறுத்தவும், இயலுமாயின் அதனிற் பாதியாக, அஃதாவது ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமாகச் சுருக்கவும் கூறுகின்றது. எந்தையார்க்குத் தனிக்கலத்தில் சருக்கரையின்றி, உப்பும் புதினாவும் இஞ்சியும் மட்டும் இட்டுக் கொடுத்தோம். ‘கருப்பட்டியாவது போடலாகாதா?’ என்று முதல் வாரம் வாதிட்டார். கருப்பட்டி நிறத்தாலும் மணத்தாலும் வேறாயினும், நீரிழிவுடையார்க்கு அதுவும் சருக்கரையே என்று மருத்துவர் வாயால் கேட்டபின் அடங்கினார். இரண்டாம் வாரத்தில் அவர் நா பழகிற்று. ஒரு லிட்டர்த் தூக்குவாளியொன்று இன்றளவும் மண்டிக்கு அவருடன் செல்கின்றது. பெரும்பாலும் வெறுமையாகவே திரும்புகின்றது. அது வெறுமையாகத் திரும்பும் ஒலியைக் கேட்டால் எம் அன்னையார் முகம் மலரும்.

பனிக்கட்டியோ எனின், அஃது ஒருகாலத்தில் அரசர்க்கும் ஆங்கிலேயர்க்கும் உரிய பொருளாயிருந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர் என்பார் அந்நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி 1833 இல் கல்கத்தாவிற்கு அனுப்பினார். சென்னையில் அதனைச் சேமிக்க 1842 இல் எழுந்த ஐஸ்ஹவுஸ் கட்டடமே இந்நாளில் விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. இக்காலத்தில் பனிக்கட்டி எளிதாயினும், எல்லாக் கட்டியும் உண்ணத்தக்கதன்று. மீன் முதலியவற்றைப் பதனிடும் கட்டி உண்ணுதற்கென ஆக்கப்பட்டதன்று. அதனை வேறுபடுத்தி அறியும்பொருட்டு நீலநிறம் ஊட்டவேண்டுமென 2018 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. ஆதலின் காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலேயே உறையவைத்துக்கொள்ளல் சாலவும் நன்று. பழம் மலிந்த நாளில் சாற்றைப் பிழிந்து கட்டியாக உறையவைத்தலும் ஆம். 2022 ஏப்ரலில் எலுமிச்சையின் விலை நாடெங்கும் வரம்பு கடந்து ஏறியதை நேயர்கள் மறந்திரார். உறைவிக்கும் பெட்டி இல்லார்க்குப் பானை உண்டு. ஈரமணல்மேல் மட்பானையை நிறுத்தி, அதன் நீருள் தேநீர்த் தூக்கை மூழ்காமல் இறக்கி, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டிக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால், கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். அக்குளிர்ச்சி தொண்டைக்கும் இதம்.

இப்பானம் மருந்தன்று என்பதையும் கூறிவைத்தல் எம் கடன். வயிற்றுப்போக்கால் நீரிழந்தார்க்கு இது தகாது. ஒரு லிட்டர்த் தூயநீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு சருக்கரையும் அரைக்கரண்டி உப்பும் கரைத்த நீரோ, மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சருக்கரைத் தூளோ வேண்டும். வெயிலில் மயங்கி நினைவு தடுமாறுவார் வாயில் எதனையும் ஊற்றாது, நிழலிற் கிடத்தி உடம்பை நனைத்து விசிறி, உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்பதைத் தடுக்குமாகலின், சோகையுடையார் உணவுக்கு ஒருமணி நேரம் விட்டே பருகுக. சிறுவர்க்கு எலுமிச்சை நீர் மட்டும் போதும். இரத்த அழுத்தமுடையார் உப்பை விலக்குக.

எந்தையார்க்கென ஆக்கிய பானம் அவரோடு நிற்கவில்லை. எம் வீடு மண்டிக்குச் செல்லும் தெருவிலுள்ளது. சுமை இறக்குவாரும் மலையிலிருந்து வருவாரும் அவ்வழியே நடப்பர். சென்ற சித்திரையில் வாயிற்றிண்ணையில் நீர்ப்பானையொன்றும், பக்கத்தே கடுந்தேநீரும் சாறும் கலந்த தூக்கொன்றும், குவளைகள் ஆறும் வைத்தோம். ஒருபங்கு தூக்கிலிருந்தும் இருபங்கு பானையிலிருந்தும் வார்த்தால் குவளை நிறையும். முதல்நாள் வந்தவருள் முதியவர் ஒருவர், குதிரையோட்டுபவர், குவளையை நீட்டியதும் பின்வாங்கி, இருகையையும் குவித்து வாயருகே வைத்துக் குனிந்து, ‘கையிலே ஊற்றுங்கம்மா, போதும்’ என்றார். தேநீர்க் கடைகளில் சாதி பார்த்து இருவகைக் குவளை வைத்த வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்ததை யாவரும் அறிவர். சட்டம் அதனைக் குற்றமென்றது. எனினும் அவ்வழக்கம் கற்பித்த கைகள் எளிதில் நிமிர்வதில்லை. எம் அன்னையார் அறிவுரை ஏதும் கூறினாரல்லர். ‘கையிலே ஊற்றினால் பாதி தரைக்குப் போய்விடும் அண்ணே, எலுமிச்சை விற்கிற விலையில் தரைக்கு ஊற்ற நம்மிடம் இல்லை. குவளையைப் பிடியுங்கள்’ என்றார். முதியவர் எந்தையாரை ஒருமுறை நோக்கினார். எந்தையார் தம் குவளையை அதே நீரில் அலம்பி அவர் கையிற் கொடுத்தார். அவர் நின்றவாறே பருகி, இன்னும் பாதி கேட்டு, ‘இது எங்கள் மலைக்காய்தான், புளிப்பே சொல்கிறது’ என்றார். மறுநாள் முதல் அவர் கை குவியவில்லை.

குளிர்பானம் ஒன்றில் இத்துணை அடங்குமோ என்று நகைப்பாரும் உளராவர். எட்டுக் குவளைக்கு நான்கு பழம், எட்டுக் கிராம் இலை, ஒரு பிடி சருக்கரை, செலவு சிறிதே. ஆனால் வெயிலில் வந்தவர்க்கு அதனைக் காலம் அறிந்து, அளவறிந்து, அவர் முகம் சுருங்காதவாறு வழங்கினால் அன்றி அதன் குளிர்ச்சி முற்றுப்பெறாது என்பதே யாம் கண்டது. கலாசாலை விடுதியில் உறையும் மாணாக்க நண்பர்களும் ஒரு பானையும் ஒரு தூக்கும் கொண்டு இதனைச் செய்யலாம். தோட்டக்காரர், காவலர், பாத்திரம் துலக்குவார் முதலிய யாவர்க்கும் சேர்த்து அளவைக் கொள்க. குவளைகளை மட்டும் ஒரே வகையாக வாங்குக. வருகின்ற கோடை நேயர் அனைவர்க்கும் இனிதாகுக.